நாற்பத்தேழாவது கல்யாணம்

என் மனைவியை நான் மொத்தம் நாற்பத்தேழு முறை கல்யாணம் செய்துகொண்டிருக்கிறேன். முதல் முறை மட்டும்தான் சொந்தபந்தம் கூடியது. தன்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று என் மாமா ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். மற்ற நாற்பத்தாறு கல்யாணங்களில் கோபித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவை எங்கள் சமையலறையிலும், குளியலறை வாசலிலும், பேருந்து நிறுத்தத்திலும், ஒரு முறை பல் டாக்டரின் காத்திருப்பு அறையிலும் நடந்தன. அன்று ஊசி போட்டு என் வாய் பாதி மரத்துப்போயிருந்தது. வார்த்தை தெளிவாக விழவில்லை, அதனால் செல்லாது என்று மாலையே மறுபடி செய்ய வேண்டி வந்தது.

நான் ஒரு தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். கோட்டும் சூட்டும் மட்டும் தைக்கிற கடை. அளவுக் குறிப்பைப் பார்த்து, துணியில் சாக்பீஸால் கோடு போட்டு, கத்திரி வைப்பது என் வேலை. தைப்பது மற்றவர்கள் பாடு. கத்திரி வைத்த பிறகு யோசிக்கிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை. எனக்குப் பொறுமை குறைவு, வாய் அதிகம் என்று கடையில் பெயர். கடவுள் விஷயத்தில் நான் நம்புகிறவன்தான், ஆனால் அவரை அநாவசியமாகத் தொந்தரவு செய்யாத ரகம்.

அவள் அப்படியில்லை. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் பிரார்த்தனை; சின்ன வயதிலிருந்து ஒரு நாள் விட்டதில்லை. நான் அவளிடம் விழுந்ததே அந்தப் பத்து நிமிடத்தில்தான். ஒரு உறவினர் வீட்டில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது நான் மட்டும் திறந்து வைத்திருந்தேன். எதிரே அவள் முகம். இவ்வளவு நிம்மதியாக ஒருத்தி யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாளே, அந்தப் பேச்சில் நமக்கும் கொஞ்சம் இடம் கிடைக்காதா என்று இருந்தது.

அவளுக்கு ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுன்டரில் வேலை. டாக்டர் சீட்டில் கோழி கிளறியதுபோல எழுதியிருப்பதைப் படித்து, மாத்திரையை எண்ணி, உறையில் போட்டு, வேளை சொல்லிக் கொடுப்பாள். ஒரு தடவைதான் எண்ணுவாள். கூட நிற்பவர்கள் மூன்று தடவை எண்ணிப் பார்க்கிற மாத்திரைகளைக்கூட இவள் ஒரே தடவையில் எண்ணி உறையை மடித்துவிடுவாள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதுதான் எனக்குக் கடைசிவரை மண்டையில் ஏறாமல் இருந்தது.

கல்யாணமாகி எட்டு மாதம் இருக்கும். ஒரு மாலை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கண்ணாடி டம்ளர் உடைஞ்சிடுச்சா?"

"நமக்குக் கல்யாணம் ஆகலைங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் இருந்தது. வெங்காயத்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் கல்யாணத்தில் இரண்டு பேரும் ஒரு சத்தியம் சொன்னோம். 'கடவுள் சாட்சியாக, முழு மனதோடு, உன்னை ஏற்றுக்கொள்கிறேன்.' அவ்வளவுதான், ஒரே வரி. அவள் 'முழு மனதோடு' என்று சொன்ன அதே நொடியில், கடவுளைப் பற்றி ஒரு அசிங்கமான வார்த்தை அவள் மனசுக்குள் வந்து போயிருக்கிறது. என்ன வார்த்தை என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. எட்டு மாதமாக அதை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறாள்.

"இவ்வளவுதானா? அந்த நேரத்துல நான் புது ஷூ கடிக்குதேன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"அது வேற. நான் சாமியைத் திட்டியிருக்கேன், சாமி முன்னாடியே. அப்ப முழு மனசு எங்க இருந்துச்சு? மனசு இல்லன்னா அது சத்தியம் இல்ல. சத்தியம் இல்லன்னா கல்யாணம் இல்ல. கல்யாணம் இல்லன்னா நான் இந்த வீட்டுல என்னவா இருக்கேன்?"

நான் ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு என் வாழ்நாளின் மிகப் பெரிய முட்டாள்தனத்தை, மிகப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தேன். அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப சொல்லிடலாம் வா. ரெண்டு பேரும், முழு மனசோட" என்றேன்.

சொன்னோம். அவள் முகம் தெளிந்தது. அந்த உறவினர் வீட்டில் பார்த்த முகம் திரும்ப வந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில், இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்த என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து மூன்றாவது கல்யாணம். இரண்டாவதில் சொல்லும்போது, 'இந்தத் தடவை அந்த வார்த்தை வரக்கூடாது' என்று நினைத்தாளாம், நினைத்ததாலேயே வந்துவிட்டதாம். பத்து நாளில் நான்காவது. பிறகு வாரம் ஒன்று. நானும் சளைக்கவில்லை. இரண்டு நிமிட வேலை, பொண்டாட்டிக்கு நிம்மதி, இதற்குப் போய் யாராவது கணக்குப் பார்ப்பார்களா?

ஆனால் நிம்மதி தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் மூன்று வாரம் தாங்கியது, பிறகு மூன்று நாள், பிறகு ஒரு வேளை. பத்து நிமிடப் பிரார்த்தனை நாற்பது நிமிடமானது. நடுவில் அந்த வார்த்தை வந்தால் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் மேஜையில் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்து, முதல் வரியை அவள் பதினோராவது தடவை முணுமுணுப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குப் பிடித்த அந்த முகம் இப்போது பரீட்சை எழுதுகிற முகமாக மாறியிருந்தது. ஒரு நாள் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள். கல்யாணம் ஆனது உறுதியாகிற வரைக்கும் ஒரே கட்டிலில் படுப்பது தப்பாம். சோபாவில் கால் நீட்ட இடமில்லாமல் சுருண்டு கிடப்பாள். நான் சோபாவில் படுக்கிறேன், நீ கட்டிலில் படு என்றால், அது என் கட்டில், தனக்கு உரிமை இல்லை என்பாள்.

கேள்விகளும் வளர்ந்தன.

"ஏங்க, நான் சாமியை நம்புறவதானே? இல்ல நம்புற மாதிரி நடிக்கிறேனா?"

"நம்புறவதான்."

"எப்படிச் சொல்றீங்க?"

நான் ஒரு வக்கீலைப்போல ஆதாரம் அடுக்குவேன். நீ பொய் சொல்ல மாட்டாய், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் உனக்குத்தான் முதலில் கண் கலங்கும், பிரார்த்தனையை ஒரு நாள் விட்டதில்லை. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்பாள்:

"அப்ப உள்ள இருந்து அந்த வார்த்தையைச் சொல்றவ யாரு? அவதான் நிஜமான நானா? நீங்க கட்டிக்கிட்டது வெளியில இருக்கிறவளைத்தானே?"

இதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. கோபம்தான் இருந்தது. "எனக்குத் தெரிஞ்சு இந்த வீட்டுல ஒருத்திதான் இருக்கா, அவளுக்கே சோபா பத்தல" என்று ஒரு தடவை கத்திவிட்டேன். கத்திய கையோடு சத்தியமும் சொல்லிவைத்தேன்.

நாற்பத்தாறாவது கல்யாணம் தொலைபேசியில் நடந்தது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். சாப்பாட்டு இடைவேளை. நான் கடையில் வெட்டு மேஜை முன்னால் நின்றிருந்தேன். ஒரு மாப்பிள்ளைக்கான கோட்டு. கோடு போட்ட துணி. சாதாரணத் துணியென்றால் இரண்டாக மடித்து ஒரே வெட்டில் இடதும் வலதும் எடுத்துவிடலாம். கோடு போட்டது மடிப்பில் நகர்ந்துவிடும். அதனால் ஒற்றையாக விரித்து, காகித அளவை வைத்து முதலில் இடது மார்பை வெட்டி, பிறகு அதே காகிதத்தைப் புரட்டிப் போட்டு வலது மார்பை வெட்ட வேண்டும். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "கடவுள் சாட்சியாக, முழு மனதோடு, உன்னை ஏற்றுக்கொள்கிறேன்" என்றேன். அயர்ன் போடுகிறவர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றார். பட்டன் தைக்கிற அக்கா ஊசியை வாயில் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வெட்டிக்கொண்டிருந்தேன். காகிதத்தைப் புரட்டவில்லை. இரண்டும் இடது.

அந்தத் துணியில் இனி ஒரு முழம்கூட எங்கும் கிடைக்காது. முதலாளி இரண்டு துண்டையும் தன் மார்பில் வைத்துப் பார்த்தார்.

"மாஸ்டர், ரெண்டு பக்கமும் இடது மார்பு இருக்கிற மாப்பிள்ளை எங்கயாவது இருந்தாச் சொல்லுங்க. குடுத்திடலாம்."

இருபத்திரண்டு வருடத்தில் நான் இப்படி ஒரு தப்பு செய்ததில்லை. வீட்டுக்குப் போய் அவளிடம் எரிந்து விழுந்தேன். சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னேன். உன் சாமிக்கு வேறு வேலையே இல்லையா என்றுகூடக் கேட்டேன். அவள் சோபா நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னாள்:

"இதுக்கு ஒரு வியாதி பேர் இருக்குங்க."

"என்னது?"

"இதுக்கு மாத்திரை இருக்கு. நான்தான் கவுன்டர்ல எடுத்துக் குடுக்கறேன். டப்பாக்குள்ள வர்ற காகிதத்தைப் படிச்சிருக்கேன். பிடிக்காத நினைப்பு திரும்பத் திரும்ப வரும், அதை அடக்க எதையாவது திரும்பத் திரும்பச் செய்யத் தோணும்னு போட்டிருக்கு. ஒரு வருஷமாத் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"அது வியாதிக்காரங்களுக்கு. நான் பாவம் பண்ணிட்டு, வியாதின்னு பேர் வச்சுத் தப்பிக்கப் பாக்கறேனோன்னு பயமா இருந்துச்சு."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். தினமும் ஐம்பது பேருக்கு மருந்து எடுத்துக் கொடுத்து, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று சொல்லி அனுப்பியவள், தனக்கு அந்த மருந்து வாங்கத் தகுதி இருக்கிறதா என்று ஒரு வருடம் யோசித்திருக்கிறாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். அவள் நகரவில்லை. அடுத்த வாரம் டாக்டரிடம் போனோம்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். எதற்கும் ஆச்சரியப்படாத முகம். என் மனைவி பேசப் பேச, கேட்டுக்கொண்டே பென்சில் சீவினார். எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் முடித்ததும் நான் மனதில் கிடந்ததைக் கேட்டேன்: "கவுன்டர்ல இவ ஒரு தடவைதான் டாக்டர் எண்ணுவா. அங்க தப்பு நடந்தா உயிரே போகும். அங்க வராத சந்தேகம் இங்க மட்டும் எப்படி வருது?"

"இது எங்க வேணா வந்து உக்காராது சார். எது மேல ரொம்ப உசிரோ, அதுலதான் வந்து உக்காரும்" என்றார் டாக்டரம்மா. "இவங்களுக்கு ரெண்டு விஷயத்துல உசிரு. ஒண்ணு சாமி. இன்னொண்ணு நீங்க."

அத்தனை நாளில் எனக்கு யாரும் இவ்வளவு நல்ல செய்தி சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள ஜன்னல் பக்கம் திரும்பினேன். டாக்டரம்மா என்னை அதிக நேரம் மிதக்க விடவில்லை.

"எத்தனை தடவை சத்தியம் சொல்லிக் குடுத்தீங்க?"

"நாற்பத்தாறு" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"நாற்பத்தாறு தடவை அந்தச் சந்தேகத்துக்குச் சாப்பாடு போட்டிருக்கீங்க."

என் மனைவி எனக்காகப் பரிந்து, "நான்தான் டாக்டர் கேட்டேன், இவர் பாவம்" என்றாள்.

மாத்திரை எழுதினார். வாரம் ஒரு நாள் அவள் வந்து பேச வேண்டும் என்றார். பிரார்த்தனையில் எந்த வார்த்தை வந்தாலும் வரட்டும், திரும்ப ஆரம்பிக்கக் கூடாது, பத்து நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். எனக்கு ஒரே ஒரு கட்டளை: இனிமேல் சத்தியம் சொல்லக் கூடாது, ஆதாரம் அடுக்கக் கூடாது. நமக்குக் கல்யாணம் ஆயிடுச்சா என்று கேட்டால், ஆயிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம் என்று சொல்ல வேண்டும்.

"அது எப்படி டாக்டர்? இவ என் பொண்டாட்டி. எனக்கு நல்லாத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும் சார். தெரியாம இருக்கிறதை இவங்க தாங்கிக்கணும். நீங்க ஒவ்வொரு தடவையும் குறுக்க போய்த் தாங்கினா, இவங்களுக்குத் தாங்கவே வராது."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. வீட்டில் அது வேறு கதை. முதல் நாள் மாலையே அவள் கேட்டாள், நான் பாடம் ஒப்பிப்பதைப்போல, "ஆயிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தண்ணீர் கேட்டவளிடம் சொம்பைக் கவிழ்த்துக் காட்டியவனைப் பார்க்கிற பார்வை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். நான் அழுகிற ஆள் இல்லை. வெளியே வந்தபோது அவளும் அழுத முகத்தோடு நின்று, "தண்ணியை வீணாக்காதீங்க" என்றாள்.

அவள் கெஞ்சினாள், கோபித்தாள், தந்திரம் செய்தாள். "சும்மா தலையை மட்டும் ஆட்டுங்க, சொல்ல வேண்டாம்" என்பாள். "இன்னிக்கு லீவுன்னு வச்சுக்கலாம்" என்பாள். பதினேழாவது நாள் நான் உடைந்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திடீரென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்; உடம்பு நடுங்கிற்று. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். நானாகவே மண்டியிட்டு அந்த வரியைச் சொன்னேன். அது நாற்பத்தேழாவது.

இருபது நிமிடம் நிம்மதியாக இருந்தாள். கடிகாரம் பார்த்தேன், இருபதே நிமிடம். அப்புறம் ஐந்து நாள் இரண்டு பேருக்கும் நரகம். அடுத்த வாரம் டாக்டரம்மா முன்னால் அவளே என்னைக் காட்டிக்கொடுத்தாள். "இவர் சொல்லிட்டார் டாக்டர்." பள்ளிக்கூடப் பிள்ளைபோல நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரார்த்தனை இருபது நிமிடத்துக்கு இறங்கியது. ஆனால் கல்யாண விஷயம் மட்டும் மசியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய அக்கா வந்து நின்றார். இவள்தான் வரச் சொல்லியிருக்கிறாள். பெட்டி தயாராக இருந்தது.

அக்கா பெரிய வாய்க்காரி. தங்கை மேல் உயிர். அம்மா இல்லாத வீட்டில் இவளை வளர்த்தவர். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு அவரிடம் பயம் உண்டு, அதைவிட மரியாதை உண்டு.

"என்ன தம்பி இது? அவ கேக்கறது ஒரு வரி. அதைச் சொன்னா உங்க வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

"டாக்டர் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அக்கா."

"எந்த டாக்டராவது புருஷனைப் பாத்து, பொண்டாட்டியைப் பொண்டாட்டின்னு சொல்லாதேன்னு சொல்லுவாங்களா? நல்லாயிருக்கு நியாயம்!"

என் மனைவி வாசற்படியில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். ஒரு கையில் பெட்டி. மெலிந்திருந்தாள். அவள் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க. நான் போகல. இதுதான் கடைசி. பொட்டியைத் திரும்ப உள்ள வச்சிடறேன்."

அந்த வரி என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அவள் உள்ளே வருவாள். இருபது நிமிடம் இருப்பாள். சொல்லாவிட்டால் போய்விடுவாள், திரும்புவாளா என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மா இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்கு முதல் தடவையாகப் புரிந்தது. இவள் இதை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் வேலைக்குப் போனாள், சமைத்தாள், எனக்குச் சட்டை மடித்தாள்.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். "நீ என் பொண்டாட்டியா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாரா இருந்தாலும் இந்த வீடு திறந்துதான் இருக்கும்."

அக்கா என்னைப் பார்த்து, "கல் நெஞ்சு" என்றார். என் மனைவி பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு படி இறங்கினாள். தெரு முனை வரைக்கும் நான் பார்த்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கள், செவ்வாய், புதன். நான் போன் செய்யவில்லை. செய்தால் சொல்லிவிடுவேன் என்று எனக்கே என் மேல் நம்பிக்கையில்லை. டாக்டரம்மாவை மட்டும் கூப்பிட்டுச் சொன்னேன். "சரியாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சரியாகச் செய்தவன் ஒற்றை ஆளாக முட்டை வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தேன். கட்டில் முழுக்க இடம் இருந்தது, நான் சோபாவில் படுத்தேன். கால் நீட்ட முடியவில்லை. இதில் எப்படி ஏழு மாதம் படுத்தாள் என்று நினைத்தபோது அவள் மேல் வந்த பிரியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

புதன்கிழமை அக்கா போன் செய்தார். குரலில் பழைய காரம் இல்லை.

"தம்பி, அவ என்கிட்டயும் கேட்டா. நீ அவர் பொண்டாட்டிதான்டி, நல்லவதான்டின்னு சொன்னேன். ஒரு நாள்ல அறுபது தடவை சொல்லியிருப்பேன். நேத்து என் வீட்டுக்காரர், பேசாம டேப்புல பதிஞ்சு வச்சிடுன்னார்." அக்கா குரலைத் தாழ்த்தினார். "சொல்லச் சொல்ல அதிகமாகுது தம்பி. நீங்க எப்படி இத்தனை நாள் இதைத் தாங்கினீங்க?"

"நான் நாற்பத்தேழு தடவை சொன்னவன் அக்கா."

"இன்னிக்குக் காலையில அவளே சொன்னா, இனிமே கேட்டா பதில் சொல்லாதேக்கான்னு. சொல்லிட்டு ரெண்டு நிமிஷத்துல கேட்டா. நான் வாயை மூடிக்கிட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டேன்." அக்கா அழுதார். நானும் இந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினேன். அதோடு போனை வைத்தோம்.

வெள்ளிக்கிழமை மதியம் கடையில் கூட்டமில்லை. நான் திரைக்குப் பின்னால் வெட்டு மேஜையில் ஒரு கறுப்புத் துணியை விரித்து, கத்திரியைப் பாதி ஓட்டியிருந்தேன். முன்பக்கம் கல்லாவில் அந்த வாரம்தான் சேர்ந்த ஒரு பெண். யாரையும் தெரியாது, எல்லாரையும் விசாரித்துத்தான் உள்ளே விடுவாள். கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"யாரைப் பார்க்கணும்மா?"

"கட்டிங் மாஸ்டரை."

அவள் குரல். என் கை நின்றது.

"நீங்க அவருக்கு யாருங்க?"

உலகத்தில் இத்தனை கேள்வி இருக்கும்போது அந்தப் பெண்ணுக்கு வேறு கேள்வி கிடைக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உதடு உலர்ந்திருக்கும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருக்கும், உள்ளே அந்த வார்த்தை வந்திருக்கும், ஒன்றுக்குப் பத்தாக. என் பொண்டாட்டி, உள்ள விடும்மா என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். வாயைத் திறந்தும்விட்டேன். அயர்ன் போடுகிறவர் என்னைப் பார்த்தார், பட்டன் அக்கா என்னைப் பார்த்தார். நான் திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"அம்மா, உங்களைத்தான். அவருக்கு நீங்க என்ன வேணும்?"

"சரியாத் தெரியலைங்க" என்றாள் அவள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "ஆனா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

நான் கத்திரியைத் துணியிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.